செய்ததை மட்டும் ஒத்துக்கொண்டவள்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் மடத்தில் எல்லோரும் குற்றவாளிகள், அவள் ஒருத்தியைத் தவிர.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடம் நடத்துகிற சபை எங்களுடையது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி முடியப்போகிற காலத்தில், தலத்தெருப் பக்கம் இருந்த மடத்தில் நாங்கள் ஏழு பெண்கள் பயிற்சிக்குச் சேர்ந்தோம். வெள்ளை முக்காடு போட்டவர்கள், நொவீஸ் என்பார்கள். பயிற்சி முடிந்து வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்தால்தான் கறுப்பு முக்காடு, அப்புறம்தான் முழுக் கன்னியாஸ்திரி. எங்களை இடித்து, சலித்து, பிசைந்து அந்த நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஓர் அம்மாவிடம் இருந்தது. மெத்ரெஸ் அம்மா என்று கூப்பிடுவோம். புதுச்சேரிக்காரர். தமிழச்சிதான், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் கூடத்தில் வரிசையாக நிற்போம். ஒவ்வொருத்தியாக முன்னால் போய் முழங்காலிட்டு, அந்த வாரம் மடத்து ஒழுங்குக்கு விரோதமாகச் செய்ததையெல்லாம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சுவாமியாரிடம் ரகசியமாகச் செய்யும் பாவசங்கீர்த்தனம் வேறு. இது சில்லறைக் குற்றங்களுக்கு. கதவைச் சத்தமாகச் சாத்தினேன். மாடிப்படியில் ஓடினேன். மௌன நேரத்தில் சிரித்தேன். தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த நெல்லிக்காயைக் கேட்காமல் வாயில் போட்டேன். சொல்லி முடித்ததும் 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொண்டு தரையை முத்தமிட வேண்டும். மெத்ரெஸ் அம்மா தண்டனை சொன்ன பிறகு எழுந்து வரலாம்.

மணியடித்தால் எழுந்து மணியடித்தால் படுக்கிற பெண்களுக்குக் குற்றம் செய்ய நேரம் ஏது? வியாழக்கிழமையே எங்களுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னால் அது பெருமை. பெருமையோ எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். ஆகவே நாங்களே உற்பத்தி செய்துகொள்வோம். அதில் நான் கெட்டிக்காரி. திறக்கவே திறக்காத கதவுகளைச் சத்தமாகச் சாத்தியிருக்கிறேன்.

அவள் முறை வரும்போது அவளும் முழங்காலிடுவாள். கண்ணைத் தாழ்த்தியிருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அவள் நிமிர்ந்து மெத்ரெஸ் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள்.

"இந்த வாரம் நான் ஒண்ணும் செய்யலைங்கம்மா."

"யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுப் பாத்துட்டுத்தாங்க வந்தேன்."

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குப் பயம் வந்தது. சிரிப்பும் வந்தது. மௌன நேரத்தில் சிரித்தேன் என்று அடுத்த வாரத்துக்கு எனக்கு ஓர் உண்மையான குற்றம் கிடைத்தது.

அவள் திமிர்பிடித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால்தான் சொல்கிறேன். நல்ல உயரம், பெரிய பாதம். மடத்தில் பூனைபோல நடக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அவள் மரப்படியில் இறங்கினால் சமையலறை வரைக்கும் சேதி போய்விடும். சத்தமாக நடந்தேன் என்று மாதம் தவறாமல் ஒத்துக்கொள்வாள், ஏனென்றால் அது நடந்தது. தரையை முத்தமிட்டுவிட்டு எழுந்து, அதே சத்தத்தோடு தன் இடத்துக்குத் திரும்பி நடப்பாள்.

மீன் விஷயமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம், கறி கூடாது. பிரான்சிலிருந்து வந்த அம்மாமார்களுக்கு அது பெரிய ஒறுத்தல். கறிக்குப் பதிலாக மீனைத் தின்று ஆண்டவருக்காகச் சகித்துக்கொள்வார்கள். எங்களுக்கோ மற்ற நாட்களில் கறியும் கிடையாது, மீனும் கிடையாது, கத்தரிக்காயும் கீரையும்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டினச்சேரியிலிருந்து கூடையில் வந்த மீனில் புளி ஊற்றிக் குழம்பு கொதித்தால், ஜெபம் சொல்கிற ஏழு வாயிலும் எச்சில் ஊறும். தவத்தின் பெயரால் நடந்த இந்த விருந்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை கூடத்தில் முழங்காலிட்டு, ஒறுத்தல் நாள் என்று சொல்லிக்கொண்டு மீன் குழம்பை இரண்டு தடவை வாங்கி ஆசையாகச் சாப்பிட்டேன், என் பாவமே என்று சொல்லிவிட்டாள். மெத்ரெஸ் அம்மாவுக்கு என்ன தண்டனை கொடுப்பதென்றே தெரியவில்லை. ஒரு மாதம் அவளுக்கு வெள்ளிக்கிழமை வெறும் ரசம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் ஒறுத்தலை முள் எடுத்துச் சாப்பிட்டோம்.

அவளுடைய அப்பா மாட்டுவண்டிக்காரர். அப்போது காரைக்காலைச் சுற்றி ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் இந்தியா. பக்கத்திலிருக்கும் நாகூருக்குப் போக வேண்டுமானாலும் வாஞ்சூர் சாவடியில் சுங்கக்காரர்கள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த நாளில் எங்கள் ஊரிலிருந்து புறப்பட்ட வண்டிகளில், வைக்கோலுக்கு அடியிலும் வைக்கோலே இருந்த வண்டி குறைவு. சீமைச் சாராயம், கைக்கடிகாரம், பட்டுத்துணி என்று ஏதாவது இருக்கும். அவள் அப்பாவும் அதற்கு விலக்கில்லை. ஒருநாள் தியானத்தின்போது மெத்ரெஸ் அம்மா, உங்கள் பெற்றோரிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்ட புண்ணியம் எது என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். ஜெபமாலை, தானம், பொறுமை என்று நாங்கள் அடுக்கினோம். கோர்ட்டுக் குமாஸ்தா மகளான நான் நேர்மை என்றேன்.

"எங்கப்பா சாவடில பிடிபட்டா, கொண்டு வந்ததை ஒத்துக்குவாருங்க. கொண்டு வராததை எவ்வளவு அடிச்சாலும் ஒத்துக்க மாட்டாரு," என்றாள் அவள்.

கடத்தலுக்குள் ஒரு புண்ணியம் இருப்பதாக அதுவரை எங்கள் மடத்தில் யாரும் சொன்னதில்லை. மெத்ரெஸ் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

கொடி மாறிய நாளையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய அன்று ஊரே தெருவில் இருந்தது. மேளச் சத்தமும் வெடிச் சத்தமும் மடத்துச் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. எங்கள் பெரிய மேர், அதாவது மடத்துத் தலைவி, பிரெஞ்சுக்காரர். அவர் கோயிலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஜன்னல்களைச் சாத்துங்கள், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் ஏழு பேரும் மாடியில் ஒரே ஜன்னல் இடுக்கில் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து பார்த்தோம். அந்த வெள்ளிக்கிழமை மெத்ரெஸ் அம்மா, பார்த்தது யார் என்று கேட்டார். செய்யாத குற்றங்களை வாரம் தவறாமல் ஒத்துக்கொண்டு வந்த ஆறு பேருக்கும் அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவள் முன்னால் போனாள். நான் பார்த்தேன் என்றாள். வேறு யார் பார்த்தது என்று கேட்டதற்கு, என்னைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும் என்றாள். செய்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. நல்லா இருந்துச்சு."

ஒரு வாரம் சாப்பாட்டு அறையில் முழங்காலில் இருந்தபடி சாப்பிட வேண்டும், ஜெபமாலை முழுவதும் கையை விரித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று தண்டனை. ஒரு மணியைக்கூடக் குறைக்காமல் செய்தாள். கை வலிக்கிறதா என்று பாத்திரம் துலக்கும்போது நான் ரகசியமாகக் கேட்டேன். ரொம்ப வலிக்குது, ஆனா பாத்ததுக்குத்தானே வலிக்குது என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தனி சிநேகம் கூடாது, ஒருவரையொருவர் 'சகோதரி, நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. நாங்கள் 'நீங்க' போட்டுக்கொண்டே சிநேகமாக இருந்தோம்.

பயிற்சியின் இரண்டாம் வருஷம் எங்களைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவள் யார் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வகுப்பில் ஏதாவது தப்பு நடந்து, செய்தது யாரென்று தெரியாவிட்டால், தெரியும்வரை வகுப்பு மொத்தமும் முழங்காலில் நிற்க வேண்டும். ஒருநாள் அவளுடைய வகுப்பிலிருந்த உலக உருண்டையில் பிரான்ஸ் இருக்கும் இடத்தில் யாரோ பேனா முள்ளால் குத்தி ஓட்டை போட்டுவிட்டார்கள். கொடி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மெத்ரெஸ் அம்மா அதில் பெரிய அரசியலைப் பார்த்தார். வகுப்பு மொத்தமும் முழங்காலில் நின்றது. சின்னதுகள் அழ ஆரம்பித்துவிட்டன. நான்தான், நான்தான் என்று மூன்று பேர் ஒத்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் கோயிலிலிருந்து வந்தாள். பக்கத்து வகுப்பிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தவில்லை. "செய்யாதவங்க எல்லாம் எழுந்து உக்காருங்க," என்றாள். அழுதுகொண்டே ஒத்துக்கொண்ட மூன்று பேரையும் பார்த்து, "நீங்களும்தான். செய்யலைன்னா செய்யலைதான்," என்றாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் முழங்காலிலேயே இருந்தாள். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மகள். தலையில் போட்ட துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் குத்தினாய் என்று கேட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன் என்றது அது.

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லைங்கம்மா."

ஒரு பெரிய சாம்ராஜ்யத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சிரிக்கவில்லை. காகிதமும் பசையும் கொடுத்து ஓட்டையை அடைக்கச் சொன்னாள், மறுநாள் பிரான்ஸை வரைந்து கொண்டுவரச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் யார் என்ன செய்தாலும் அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள். செய்யாததைச் சொல்ல ஒருத்தியும் வரமாட்டாள். பக்கத்து அறையில் என் வகுப்பில் அப்போதும் கூட்டுப் பாவம்தான் நடந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளின் தாழ்ச்சியை நீ கெடுக்கிறாய் என்று மெத்ரெஸ் அம்மா அவளைக் கடிந்துகொண்டார். அன்று துணி துவைக்கும்போது அவள் என்னிடம் சொன்னதை மறக்கவில்லை. எனக்கு அந்த வகுப்பு மட்டும் போதும், ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துடுவேன், மத்ததெல்லாம் நீங்க எடுத்துக்குங்க என்றாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்தது அந்த வகுப்புக்கும் மீன் குழம்புக்கும்தான். வார்த்தைப்பாடு கொடுத்தால் வகுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் வீடு. வார்த்தைப்பாட்டுக்கு யார் தகுதி என்று பெரிய மேரிடம் சொல்ல வேண்டியவர் மெத்ரெஸ் அம்மா.

அந்த முடிவெடுக்கும் நேரம் நெருங்கியபோதுதான் கண்ணாடி விவகாரம் வந்தது. கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் இரவும் பகலும் அணையாத விளக்கு ஒன்று தொங்கும். எண்ணெய் ஊற்றி எரிகிற விளக்கு, அதைச் சுற்றி சிவப்புக் கண்ணாடிக் கிண்ணம். பிரான்சிலிருந்து வந்த கிண்ணம். ஒரு காலைப் பூசைக்குப் போனால் சிவப்புக் கிண்ணத்தைக் காணோம். அதன் இடத்தில் சாதாரணத் தண்ணீர் டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அன்று மாலை மெத்ரெஸ் அம்மா எங்களைக் கூடத்தில் நிறுத்தி, ஆண்டவரின் விளக்கை உடைத்துவிட்டு ஒளித்த கை யாருடையது என்று கேட்டார். குரல் நடுங்கியது. நாங்கள் பயந்துபோனோம்.

முதலில் நின்றவள் தொப்பென்று முழங்காலில் விழுந்தாள். முந்தைய நாள் எண்ணெய் ஊற்றியபோது கை பட்டிருக்கும், என் பாவமே என்றாள். அடுத்தவள் அவளை முந்திக்கொண்டு, இல்லை, திரி மாற்றியபோது நான்தான் இடித்தேன் என்றாள். மூன்றாமவள் தூசி தட்டும் சாமரத்தைக் காரணம் காட்டினாள். ஒவ்வொருத்தியாக விழுந்தார்கள். என் முறை வந்தபோது நல்ல காரணங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஒட்டடைக் கம்பு பட்டு உடைந்துவிட்டது என்று கதை கட்டினேன். கட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். குற்றம் என்ற சொல் காதில் விழுந்ததும் முழங்கால் தானாக மடங்கும்.

ஆறு பேர் தரையில். அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ?" என்றார் மெத்ரெஸ் அம்மா.

"நான் உடைக்கலைங்கம்மா."

"உன் சகோதரிகளைப் பாரு."

"பாத்தேங்க. ஒரு கண்ணாடிய ஆறு பேரு ஆறு விதமா உடைக்க முடியாதுங்கம்மா. இன்னைக்குக் காலைல கோயில கூட்டினது நான்தான். ஒரு சில்லுகூடக் கிடக்கல."

மெத்ரெஸ் அம்மா தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சிவப்புக் கிண்ணம் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அவருடைய அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்திருக்கிறார். முகத்தில் திருப்தியான ஒரு புன்னகை. இது சோதனை என்றார். பொய்ப்பழி வரும்போது வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்வதுதான் தாழ்ச்சி, ஆண்டவரும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டார் என்றார். ஆறு பேர் தேறிவிட்டீர்கள், ஒருத்தி தேறவில்லை என்றார்.

எங்களுக்குப் பாராட்டு, பொய் சொன்னதற்கு. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. நான் இன்றும் கன்னியாஸ்திரி. கீழ்ப்படிதலில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆண்டவர் பொய்ப்பழியை ஏற்றுக்கொண்டார், சரி. நான்தான் செய்தேன் என்று ஒரு தடவையாவது சொன்னாரா? விசாரணையில் பிலாத்து எவ்வளவு கேட்டும் சொல்லவில்லையே. அப்போது எனக்கு இது தோன்றவில்லை. அவளுக்கு இதைவிட எளிமையாக ஒன்று தோன்றியது, அதைக் குரலை உயர்த்திக் கேட்டும் விட்டாள்.

"உடையாததை உடைஞ்சுதுன்னு சொன்னீங்களே, அது யாரு பாவங்கம்மா?"

மெத்ரெஸ் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. பிரெஞ்சில் என்னவோ சொன்னார். எங்களை வெளியே போகச் சொன்னார்.

மறுநாள் பெரிய மேர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேருக்குத் தமிழில் அரிசி, பருப்பு, 'வா', 'போ' அளவுக்குத்தான் தெரியும். அதனால் மொழிபெயர்க்க என்னையும் அழைத்தார்கள். அவளுக்கு என் அளவுக்கே பிரெஞ்சு தெரியும். ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில்தான் பேசுவேன் என்று நின்றுவிட்டாள். மேர் வயதானவர், நல்லவர். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நொவீஸ்கள் அவர் முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. பிரான்சிலிருந்து வந்த அம்மாமார் பலர் திரும்பிப் போகிறார்கள், இனி இந்தப் பள்ளிக்கூடம் தமிழ்ப் பெண்கள் கையில்தான், உன்னைப்போல் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க இங்கே ஆளில்லை என்றார். மெத்ரெஸ் அம்மா முன்னால் முழங்காலிட்டு 'என் பாவமே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

குரலை உயர்த்தினது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள் அவள். கேட்ட கேள்விக்குக் கேட்க மாட்டேன், உடைக்காத கண்ணாடிக்கும் கேட்க மாட்டேன் என்றாள். நான் பயந்துபோய் அதைக் கொஞ்சம் மெழுகி, அவள் மிகவும் வருந்துகிறாள் என்று மொழிபெயர்த்தேன். அவள் என் பக்கம் திரும்பி, நான் அப்படிச் சொல்லலைங்களே என்றாள். வேறு வழியில்லாமல் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். மேர் லேசாகச் சிரித்துவிட்டார். அப்புறம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதானே, மகளே என்றார்.

"அந்த ஒரு வார்த்தைய இன்னைக்குச் சொல்லிட்டு, நாளைக்கு நான் பிள்ளைங்க முன்னாடி போயி நின்னு, பொய் சொல்லாதீங்கன்னு எப்படிங்க மேர் சொல்லுவேன்? அந்த வகுப்புக்காகத்தான் கேக்குறீங்க. அந்த வகுப்புக்காகத்தான் மாட்டேங்கிறேன்."

இதை ஒரு வார்த்தை மாற்றாமல் மொழிபெயர்த்தேன். மேருக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் நீ வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். பயிற்சி விஷயத்தில் மெத்ரெஸ் அம்மாவின் சொல்லை மீற அவருக்கும் துணிச்சல் இல்லை. அவர் மேல் எனக்கு அப்போது வந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரும் அவளுக்காக 'பாவம்' என்று உச்சுக்கொட்ட வேண்டியதில்லை. புது அரசாங்கம் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தபோது படித்த பெண்கள் வேண்டியிருந்தார்கள். அம்பகரத்தூரில் அவளுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. காலைப் பஸ்ஸில் நூல்புடவையும் தோல்பையுமாக அவள் போவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அதே பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் என் பக்கத்தில் வந்து உட்காருவாள், கூச்சமே இல்லாமல் பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசுவாள். அவளுடைய வகுப்புக்குள் மேலதிகாரிகள் போவதற்குத் தயங்குவார்களாம். தயங்கட்டும்.

ஆனால் அவள் மடத்தைவிட்டுப் போன விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

வெளியே அனுப்பப்படுகிற நொவீஸ் போவதற்கென்று ஒரு முறை இருந்தது. விடியுமுன், மற்றவர்கள் எழுமுன், வீட்டுப் புடவையைக் கொடுத்துக் கொல்லைக் கதவு வழியாக அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. காலையில் நாங்கள் வரும்போது சாப்பாட்டு மேசையில் அவளுடைய தட்டு இருக்காது. இடைவெளி தெரியாமல் நாங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவள் பெயரை அப்புறம் யாரும் உச்சரிக்கக் கூடாது. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

அவளிடம் புடவையைக் கொடுத்தபோது கட்டிக்கொண்டாள். கொல்லைக் கதவைக் காட்டியபோது மாட்டேன் என்றாள்.

"இருட்டுல போறது கடத்தல்காரங்க வேலைங்கம்மா. நான் ஒண்ணையும் எடுத்துட்டுப் போகல. முன்வாசல் வழியா வந்தேன், முன்வாசல் வழியாவே போறேன்."

சொல்லிவிட்டுப் பார்வையாளர் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாராலும் அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நல்ல ஆகிருதி. விடிந்தது. பூசை முடிந்தது. அவளுடைய அப்பாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் எல்லாம் காலை ஜெபத்துக்கு முற்றத்தில் வரிசையாக நின்றபோது, அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். முக்காடு இல்லை. கத்தரித்த தலைமுடி கட்டையாக நட்டுக்கொண்டு நின்றது. முற்றத்தைக் குறுக்கே கடந்து நடந்தாள், அதே சத்தமான நடை. ஜெபம் பாதியில் நின்றுவிட்டது.

ஜவுளிக்கடைக்காரரின் மகள் வரிசையைவிட்டு வெளியே வந்து, எங்கே போறீங்கம்மா என்று கேட்டது. வீட்டுக்கு, அனுப்பிட்டாங்க என்றாள். என்னங்கம்மா செஞ்சீங்க என்று கேட்டது. ஒண்ணும் செய்யலம்மா என்றாள். அந்தக் குழந்தை அதை நம்பியது. அவள் சொன்னால் அந்த வகுப்பு எதையும் நம்பும்.

நாங்கள் ஆறு பேரும் தாழ்வாரத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றோம். மெத்ரெஸ் அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றார். நான் தலையை நிமிர்த்தினேன். படியிறங்கி முற்றத்தில் நடந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போய்ட்டு வாடி," என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நம் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எமன் வீட்டு வாசல்படி ஏறப்போகிறவர்கள்கூடப் போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்வார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். அப்போதும் அவளுக்கு வாயில் பொய் வரவில்லை.

"வரப்போறதில்லையேடி. போறேன்," என்றாள். போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது முன்னால் போய் முழங்காலிட்டேன். மடத்தைவிட்டுப் போகிறவளிடம் பேசினாயா என்று மெத்ரெஸ் அம்மா கேட்டார்.

"பேசினேங்கம்மா," என்றேன். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியது என்ன என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் காத்திருந்தார்கள்.

"அது பாவமில்லைங்கம்மா."

மெத்ரெஸ் அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தண்டனை என்ன என்று அவர் சொல்வதற்குக் காத்திருந்தேன். அவருக்கு ஒன்றும் வரவில்லை, பிரெஞ்சிலும் வரவில்லை. நானாகவே எழுந்தேன். அவளுக்கும் எனக்கும் அந்த வரிசையில் அடுத்தடுத்த இடம். அவள் இடத்தைக் காலியாக விட்டு, நான் என் இடத்திலேயே போய் நின்றேன். நெருங்கி நில்லுங்கள் என்றார் மெத்ரெஸ் அம்மா. நான் நகரவில்லை.